கூட்டாண்மை வாடகையும் தனியாள் பெயரில் வரும் டிடிஎஸ் படிவமும்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, மைசூரு விஜயநகரில் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் கட்டடத்தில் வங்கி வாடகைக்கு இருந்தது எனக் கொள்வோம். வாடகையில் 10 விழுக்காட்டை டிடிஎஸ் (மூல வரி) ஆகப் பிடித்து, நிறுவனத்தின் பான் எண்ணுக்குப் பதில் ஒரு கூட்டாளியின் எண்ணில் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ஏ-வைத் தந்துவிடுகிறது. முழு வாடகையும் அவருடைய வரி விவர அறிக்கையான 26ஏஎஸ்-இல் ஏறிவிடும். ரீஃபண்டு வருகிறதே என்று பிடித்த வரியை அவரே உரிமை கோருவது தவறு. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் விதி 37பிஏ இதற்கு வழி சொன்னது: வருமானம் நிறுவனத்துடையது என்று கூட்டாளி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதன்பேரில் சான்றிதழ் நிறுவனத்தின் பெயரில் வரும். நிறுவனமின்றி வெறும் கூட்டு உரிமை என்றால் கதை வேறு. பங்கு திட்டவட்டமாக இருந்தால், 1961 சட்டத்தின் பிரிவு 26-இன்படி உரிமையாளர்கள் அவரவர் பங்குக்கு அவரவரே வரி கட்ட வேண்டியிருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்களும் மாறின.