கவுல் பெற்ற பறவைகள்

செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் படாளத்தில், கூட்டுரோட்டிலிருந்து மேற்கே பிரியும் சிறு சாலை ஒன்று ஏரிகளையும் வயல்களையும் ஊடறுத்துக்கொண்டு போய், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கலில் சேர்கிறது. பட்டணத்து மனிதர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் குழந்தை குட்டிகளோடு வந்து, கரைமேல் நின்று, நாரைகளையும் கொக்குகளையும் பார்த்து வியந்துவிட்டு, மாலையில் திரும்பிப் போகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அதை இயற்கை தானே செய்து வைத்த அற்புதம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இயற்கையின் பங்கை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் இந்தப் பறவைக் கூட்டம் இவ்விடத்தில் குலையாமல் இருந்துவருவதற்கு, ஒரு சிற்றூரின் குடியானவர்கள் விடாப்பிடியாக நடத்திய பரிபாலனம் முக்கியமான காரணம் என்பதும், மிருகக்காட்சிசாலைகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்ய முயன்றவர்கள் பல இடங்களில் தடுமாறி நின்றார்கள் என்பதும் சரித்திரத்தில் பதிய வேண்டிய சங்கதிகள்.

இந்தச் சரித்திரத்தில் முதலில் தலைகாட்டுபவர் லியோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர். ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாருக்குக் கிடைத்த செங்கற்பட்டு ஜாகீரில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த இவர், மிராசுப் பாத்தியதைகளைத் துருவி ஆராய்ந்து நீண்ட அறிக்கைகள் எழுதியவர். ஏரிகளின் கரைகளையும் மதகுகளையும் செப்பனிடாமல் வரி வசூலைப் பற்றிப் பேசுவது வீண் என்று அறிந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் தறுவாயில் இருந்த ஓர் இரவில், வில்லேந்திய இரு வீரர்கள் கரையில் காவல் நிற்பதைக் கண்ட துரை இவர்தான் என்பது ஐதிகம். ஏரி உடையாமல் நின்றால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருவதாக அவர் முன்பே வாக்களித்திருந்தாராம்; கோதண்டராமர் அன்று முதல் ஏரி காத்த ராமர் ஆனார். துரை எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்ற விவாதம் பக்தர்களுக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் உரியது. அந்தத் திருப்பணி அவருடையது என்று சொல்லும் கல்வெட்டு மட்டும் கோயிலில் இருக்கிறது.

அதே துரையிடம்தான் வேடந்தாங்கல் குடியானவர்கள் முறையிட்டுக்கொண்டு போனார்கள் என்று சொல்லப்படுகிறது. சிப்பாய்கள் சிலர் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டுவிட்டார்கள். ஊரார் கொதித்தெழுந்து செங்கற்பட்டுக்குப் போய், பறவைகள் தங்கள் ஊருக்குச் சொந்தம், அவற்றை யாரும் தொடக்கூடாது என்று கலெக்டரிடம் கேட்க, அவரும் அந்தப் பாத்தியதையை ஒப்புக்கொண்டு 1798-ஐ ஒட்டி ஒரு கவுல், அதாவது உரிமைச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். நிலத்துக்கும் குத்தகைக்கும் கவுல் வாங்குவது அக்காலத்தில் சர்வ சாதாரணம். ஆகாயத்தில் பறந்து வந்து ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகிற ஜீவன்களுக்காக ஒரு கிராமம் கவுல் வாங்கியது விசேஷமான காரியம். பின்னர் 1858-ல் அந்த உரிமை மறுபடியும் எழுத்து மூலமாகப் புதுப்பிக்கப்பட்டது. துரை மாறினாலும், கும்பினி போய் ராணியின் ஆட்சி வந்தாலும், ஏரியின்மேல் பேச்சு தங்களுடையதே என்பதில் ஊராருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இங்கிலாந்தில் கடற்பறவைகளைக் காக்கும் முதல் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு 1869 என்பதை எண்ணிப் பார்த்தால், படாளத்துக்கு மேற்கேயிருந்த எழுத்தறியாக் குடியானவர்கள் அந்த மகாஜனங்களைவிட எத்தனை காலம் முந்திக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

இவர்களுக்கு இந்த சிரத்தை எங்கிருந்து வந்தது? ஜீவகாருண்யத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜீவகாருண்யம் மட்டுமே ஒரு சம்பிரதாயத்தை இருநூறு வருஷம் தாங்கிப் பிடிப்பது அபூர்வம். ஏரியில் நீர்க்கடம்பும் கருவேலும் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிறைந்ததும், நத்தைக்குத்தி நாரைகளும், வர்ண நாரைகளும், வெள்ளை அரிவாள்மூக்கன்களும், கரண்டிவாயன்களும், சாம்பல் நாரைகளும், இராக்கொக்குகளும், நீர்க்காகங்களும், பாம்புத்தாராக்களும் அந்த மரங்களின் உச்சியை அடுக்கடுக்காகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் எண்ணிக்கை பல்லாயிரங்களைத் தாண்டும். அத்தனை பறவைகளும் இரவும் பகலும் இடும் எச்சம் முழுவதும் ஏரி நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது, எருவுக்கென்று தனியாகச் செலவிட வேண்டிய அவசியம் பெருமளவு குறைகிறது. நாரையைச் சுடுவது எருக்குழியைக் கொளுத்துவதற்குச் சமம் என்று கண்டவர்கள் அவர்கள். பிரயோஜனமும் தயையும் ஒரே பக்கம் நின்றதனால்தான் இந்த ஏற்பாடு நிலைத்தது என்பது என் அபிப்பிராயம். இப்படிச் சொல்வதால் அவர்களுடைய பெருமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

பறவைகள் இரை தேடுவது பெரும்பாலும் இந்த ஏரியில் அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சுமார் முப்பது ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள நீர்நிலை அத்தனை அலகுகளுக்கு எந்த மூலைக்குப் போதும்? ஏரி அவற்றுக்குப் பிரசவ அறை, சாப்பாடு வெளியே. விடியற்காலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிச் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும், குட்டைகளிலும், நடவு வயல்களிலும் மேய்ந்து, மீனும் நத்தையும் தவளையும் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பக்கத்துக் கரிக்கிலி ஏரிகளில் வாத்தினங்களும் ஆழமில்லா நீரை விரும்பும் மற்றப் பறவைகளும் தங்குகின்றன. அங்கே மேய்ச்சலும் இங்கே கூடும் என்று ஒன்றையொன்று நிறைவு செய்துகொண்டு அவை இருக்கின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நரியும் பூனையும் கூட்டை அணுகா. தண்ணீர் வற்றினால் காவல் போயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் நாரைகள் வராததும், வந்தாலும் கூட்டைக் கைவிட்டுப் போவதும் இதனால்தான். ஆகவே கிராமத்தின் பரிபாலனம் என்பது மரம் வெட்டாமை, வேட்டு வைக்காமை, முட்டை எடுக்காமை என்னும் மூன்று விலக்குகளோடும், மதகையும் கரையையும் வரத்துக்காலையும் ஒழுங்காக வைத்திருத்தல் என்னும் ஒரு கடமையோடும் முடிந்துபோயிற்று. பறவையைத் தொட வேண்டிய வேலையே அதில் இல்லை.

இனி மிருகக்காட்சிசாலையின் பக்கம் திரும்புவோம். சென்னை மியூசியத்தின் அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்பர் என்ற வைத்தியர், உயிருள்ள விலங்குகள் இருந்தால் ஜனங்கள் கூட்டமாக வருவார்கள் என்று கண்டு, 1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்னைவாசிகளின் ஞாயிற்றுக்கிழமைகளை அலங்கரித்துவிட்டு, 1985 ஜூலையில் வண்டலூரில் விசாலமான காட்டுக்குள் புதிதாகத் திறக்கப்பட்டது. அந்தப் பழைய காலத்து மிருகக்காட்சிசாலைகள், இங்கேயானாலும் லண்டனிலேயானாலும், நீர்ப்பறவைகளை வைத்திருந்த முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கம்பிக்கூண்டு, நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி, இரண்டு நாரை, ஒரு கொக்கு, வகைக்கு ஒன்றாகக் காட்சிப் பொருள். சிறகின் நுனி எலும்பை நறுக்கிவிட்டால் கூண்டுக்கு மேல்வலைகூட வேண்டாம் என்று கண்ட உபாயம் வேறு பரவியிருந்தது. ஆயுள் மட்டும் சில பறவைகளுக்கு நீண்டதாய் அமைந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் ஒரு பூநாரை எண்பது வயதைக் கடந்து வாழ்ந்து 2014-ல் மாண்டது. ஆனால் வாழ்வது வேறு, வம்சம் பெருகுவது வேறு.

பூநாரையின் விஷயம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். நம்முடைய கடற்கரையில் கேளம்பாக்கத்து உப்பங்கழியிலும், பள்ளிக்கரணைச் சதுப்பிலும், வடக்கே பழவேற்காட்டிலும் அதைக் காணலாம். மாமல்லபுரம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தினால் சில ஆண்டுகளில் வழியிலேயே தரிசனம் கிடைக்கும். வேடந்தாங்கலை அது நாடுவதில்லை. உவர்நீரும் சேறும் உள்ள பரந்த வெளியே அதற்கு உகந்தது. கட்ச் பிரதேசத்து ரண் பாலைவனத்தில் லட்சக்கணக்கில் கூடி, மண்ணைக் குவித்துச் சிறு மேடை அமைத்து, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டையிடும் இந்தப் பறவை, ஐந்தும் ஆறுமாக அடைக்கப்பட்டால் வருஷக்கணக்கில் முட்டையே இடாது. கூட்டம் இல்லாமல் அதற்குக் காதல் பிறப்பதில்லை. இதைக் கண்டறிந்த அதிகாரிகள், எண்ணிக்கையை நாற்பது ஐம்பதாகப் பெருக்கினார்கள். அதற்கு வழியில்லாத இடங்களில் கண்ணாடிகளை நிறுத்தி, ஐந்தைப் பத்தாகக் காட்டிப் பறவையை ஏமாற்றினார்கள். சேற்றைக் குழைத்துப் போலிக் கூடுகளை வைத்தார்கள். கூண்டில் வெளுத்துப்போகும் அதன் நிறத்தை மீட்க, அது இயற்கையில் பாசியிலிருந்தும் நுண்ணிய இறால் வகைகளிலிருந்தும் பெறும் செந்நிறச் சத்தைத் தீவனத்தில் கலந்தார்கள். சிறகு நறுக்கப்பட்ட ஆண்பறவை இணை சேரும்போது நிலைகொள்ள முடியாமல் சரிகிறது, அதனால் முட்டைகள் கருவுறாமல் போகின்றன என்பதும் காலக்கிரமத்தில் தெரியவந்தது. எளிய உபாயம் என்று எண்ணியது மலட்டுத்தனத்துக்கு வித்திட்டதை அறிந்தபின், பெரிய வலைக்கூடம் கட்டிப் பறவையைப் பறக்கவிடுவதே நல்லது என்ற கொள்கை மெல்ல மெல்ல வலுப்பட்டது.

தில்லியில் நடந்தது இன்னும் ரசமானது. 1959-ல் அங்கே மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டபோது குளங்களை வெட்டி, நடுவே திட்டுகளை விட்டு, மரங்களையும் வைத்தார்கள். அடுத்த ஆண்டே காட்டு வர்ண நாரைகள் யாரும் அழைக்காமல் வந்து அந்தத் திட்டுகளில் கூடு கட்டின. அதுமுதல் மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்து, குஞ்சு பொரித்து, வெயில் ஏறுமுன் போய்விடுகின்றன. அவற்றில் ஒன்றையும் பதிவேட்டில் காட்ட முடியாது. ஆனால் பார்க்க வருகிற ஜனங்களுக்கு வாங்கிய பறவையைவிட வந்த பறவைமீதுதான் கண். தண்ணீரால் சூழப்பட்ட மரம், தொந்தரவின்மை, பறக்கும் தூரத்தில் யமுனையின் ஈரநிலம் என்று வேடந்தாங்கலின் சூத்திரம் மூன்றும் அங்கே தற்செயலாகக் கூடிவிட்டன.

கூண்டு மட்டும் போதாது, வாழிடமும் வேண்டும் என்பதை ஜப்பானியர் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். அந்நாட்டின் கொண்டை அரிவாள்மூக்கன் இனம் அருகிப்போய், சாடோ தீவில் எஞ்சியிருந்த ஐந்தையும் 1981-ல் பிடித்துக் கூண்டில் வைத்து வளர்க்கப் பிரயத்தனப்பட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை, அந்த வம்சத்தின் கடைசிப் பறவை 2003-ல் மாண்டது. அதே 1981-ல் சீனத்தின் யாங்சியன் பகுதியில் ஏழே ஏழு பறவைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே சிலவற்றைக் கூண்டில் வளர்த்ததோடு நில்லாமல், பூச்சிமருந்தையும் மரம் வெட்டுவதையும் தடுத்து, குளிர்காலத்திலும் நெல்வயல்களில் தண்ணீர் தேங்கி நிற்கச் செய்தார்கள். ஏழு பல்கிப் பெருகி ஆயிரக்கணக்காயிற்று. சீனம் அன்பளிப்பாக அனுப்பிய ஜோடியின் வழியே ஜப்பானிலும் குஞ்சுகள் பிறந்து, 2008-ல் சாடோவின் வயல்வெளிகளில் விடப்பட்டன. அதற்குமுன் அத்தீவின் விவசாயிகள் மருந்தடிப்பதைக் குறைத்து, பறவை மேயத்தக்க வயலாகத் தங்கள் நிலத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வேடந்தாங்கலுக்குத் திரும்பினால், 1936-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் அதைச் சரணாலயமாக அங்கீகரித்தார். சுதந்திரத்துக்குப் பின் வனத்துறை பொறுப்பேற்றது. நீர்க்கடம்புக் கன்றுகளும் கருவேல் கன்றுகளும் நடப்பட்டன. பார்வையாளருக்காகக் கரைமேல் கோபுரம் எழுந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகுற எழுதியவருமான மா. கிருஷ்ணன் இந்த ஏரியின் பறவைகளை நெடுங்காலம் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். வனவிலங்குச் சட்டம் 1972-ல் வந்தபின், 1998-ல், ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு ஏரி மட்டும் போதாது, வயலும் வேண்டும் என்று குடியானவர்கள் வாழ்ந்து காட்டியதைச் சர்க்கார் எழுத்தில் ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. அந்த வட்டத்தை 2020-ல் மூன்று கிலோமீட்டராகச் சுருக்க ஒரு யோசனை எழுந்தது. எதிர்ப்பு பலமாகவே, அது கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் பட்டா நிலம். ஏரியை வனத்துறை காக்கிறது. நாரையின் இரை விளைவது நெல் போடுகிறவனுடைய வயலில். எருவும் பூச்சிமருந்தும் கடையில் மூட்டையாகக் கிடைக்கிற காலத்தில், பறவை எச்சத்தின் லாபம் அவன் கணக்கில் பழைய இடத்தைப் பெறுவதில்லை. பெருஞ்சாலையை ஒட்டிய நிலத்தின் விலையோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது. கலெக்டர் பிளேஸ் காலத்தில் ஊரார் கேட்டதெல்லாம் துப்பாக்கியைத் தடுக்கும் ஒரு சீட்டு மட்டுமே. இன்றைய குடியானவனை நெல்லிலேயே நிற்கச் செய்யும் கவுல் எந்த வாசகத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சாடோவின் வயல்களுக்குப் போய்ப் பார்த்துவந்தாவது நம் அதிகாரிகள் எழுதத் தொடங்கலாம்.