கேட்டுப் பெற்ற செல்வம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 1870 ஏப்ரல் 13 அன்று சட்டப்படி பதிவானபோது அதற்குக் கட்டடமும் இல்லை, காட்டுவதற்கு ஓர் ஓவியமும் இல்லை. பாரிசின் லூவருக்கு அரசர்கள் சேர்த்து வைத்த சொத்து இருந்தது. அமெரிக்காவில் அதற்கு வழியில்லை. எதுவானாலும் யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். நிறுவனர்கள் 2,50,000 டாலர் திரட்டத் தீர்மானித்துப் பணம் படைத்த நண்பர்களின் வீடுகளில் ஏறி இறங்கினார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தது 1,06,000 டாலருக்குச் சற்று மேல். உள்நாட்டுப் போருக்குப் பின் பணம் புரண்டுகொண்டிருந்த நகரத்தில் இது சொற்பம்தான்.

சென்ட்ரல் பூங்காவில் எழுந்த கட்டடம் 1880 மார்ச் 30 அன்று திறக்கப்பட்டது. அறங்காவலரும் வழக்கறிஞருமான ஜோசப் சோட் அந்த மேடையிலேயே கோடீசுவரர்களைப் பார்த்து நேரடியாகக் கேட்டுவிட்டார். பன்றி இறைச்சியில் வந்த லாபத்தைப் பீங்கானாகவும், ரயில் பங்குகளையும் சுரங்கப் பங்குகளையும் ஓவியமாகவும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பங்குச்சந்தை சரிந்தாலும் ஓவியம் நிற்கும் என்ற கணக்கு வியாபாரிகளுக்குப் புரியக்கூடியதே. அவர்களுக்குத் தைரியம் தந்த ஏற்பாடு இன்னொன்றும் இருந்தது. நிலமும் கட்டடமும் நகரத்துக்கு, உள்ளே இருக்கும் பொருள்கள் அறங்காவலர் குழுவுக்கு என்று உரிமை பிரிக்கப்பட்டிருந்தது. கொடுத்த பொருள் அரசியல்வாதி கைக்குப் போகாது.

1887இல் காத்தரின் லோரிலார்ட் வுல்ஃப் தம் உயிலில் ஓவியங்களோடு 2,00,000 டாலரையும் எழுதி வைத்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிதி அருங்காட்சியகத்துக்கு வாய்த்தது அதுவே முதல்முறை. அதைவிடப் பெரியது யாரும் கேட்காமல் வந்தது. நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் ரயில் எஞ்சின் தொழிற்சாலை நடத்திய ஜேகப் ரோஜர்ஸ் ஆண்டுக்கு 10 டாலர் சந்தா கட்டும் சாதாரண உறுப்பினர். கடுகடுப்பானவர், கலை சேகரித்தவராகவும் பெயரில்லை. சந்தாவைக் கட்ட நேரில் வந்து, நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று இயக்குநர் செஸ்னோலாவிடம் விசாரித்துவிட்டுப் போவார். 1901இல் அவர் இறந்ததும் உயிலைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய 50 லட்சம் டாலர் அருங்காட்சியகத்துக்கு. பொருள் வாங்கவும் நூல்கள் வாங்கவும் அதன் வருமானத்தைப் பயன்படுத்தலாம். எதை வாங்க வேண்டும் என்ற கட்டளை கிடையாது. ப்ரூகல் 1565இல் வரைந்த அறுவடைக் காட்சியின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘ரோஜர்ஸ் நிதி, 1919’ என்றிருக்கிறது. பெரும் சேகரிப்பாளர்கள் தங்கள் ரசனையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த எஞ்சின் முதலாளியோ ரசனையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார். அருங்காட்சியகத்துக்கு அதிகம் பயன்பட்டது இரண்டாவது வகை என்றே சொல்லத் தோன்றுகிறது.

1904 முதல் தலைவராக இருந்த வங்கியாளர் ஜே. பி. மார்கன் கேட்பவரும் கொடுப்பவருமாக ஒரே ஆளாய் இருந்தார். அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி லண்டனில் கிடந்தது; இறக்குமதிக் கலைப்பொருளுக்கு அமெரிக்கா வரி போட்டதுதான் காரணம். பழைய கலைப்பொருள்களுக்கு 1909இல் அந்த வரி நீங்கியபின் எல்லாம் நியூயார்க் வந்து சேர்ந்தன. வைப்பதற்குப் புதிய பகுதி கட்ட நகரம் பணம் ஒதுக்கத் தயங்கியது. 1913இல் மார்கன் இறந்தபோது சேகரிப்பு மகனுக்குப் போயிற்று. மகன் பலவற்றை விற்றார். 1917இல் சுமார் 7,000 பொருள்களை அருங்காட்சியகத்துக்குத் தந்தார்.

அதே 1917இல் வருமான வரிச் சட்டம் அறக்கொடைகளுக்குக் கழிவு கொடுத்தது. பின்னாளில் இதில் ஒரு பெரிய வசதி விளைந்தது. ஆயிரம் டாலருக்கு வாங்கிய ஓவியம் இன்று பத்து லட்சம் பெறுமானால், பத்து லட்சத்தையும் கழித்துக்கொள்ளலாம். விலை உயர்ந்ததற்கான வரியும் இல்லை. 1986இல் சட்டம் இதை இறுக்கியதும் அருங்காட்சியகங்களுக்கு வரும் கலைப்பொருள்கள் வெகுவாகக் குறைந்தன. 1993இல் பழைய சலுகை திரும்பியது.

இதற்கிடையே கேட்கும் வேலை நண்பர் வட்டத்திலிருந்து அலுவலகத்துக்கு நகர்ந்திருந்தது. யாரிடம் என்ன இருக்கிறது, வாரிசு யார், எந்தக் காப்பாட்சியரின் பேச்சுக்கு அவர் காது கொடுப்பார் என்று ஆண்டுக்கணக்கில் கவனிப்பதே அங்கு வேலை. தொகையை வாய்விட்டுக் கேட்பது கடைசியில்தான். 1976இல் நிதி திரட்டும் பிரிவில் சேர்ந்த எமிலி ராஃபர்ட்டி, 2005இல் அருங்காட்சியகத்தின் தலைவரானார்.

பொறுமைக்குக் கிடைத்த பலனாகப் பதிப்பாளர் வால்டர் ஆனன்பர்க்கைக் காட்டலாம். அருங்காட்சியகத்திலேயே தொடர்பியல் மையம் ஒன்று அமைக்க அவர் முன்வந்தார். எதிர்ப்பு எழுந்ததால் 1977இல் மனம் கசந்து விலகினார். உறவு அத்தோடு முறிந்துவிடவில்லை. அவருடைய இம்ப்ரெஷனிச ஓவியங்களுக்காக வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகங்களும் காத்திருக்க, 1991இல் மெட்ரோபாலிட்டனுக்கே தருவதாக அறிவித்தார்.

நிபந்தனைகள் மட்டும் கூடவே வந்தன. சேகரிப்பாளர் ஆல்ட்மன் 1913இல் தம் ரெம்பிராண்ட் ஓவியங்களைப் பிறவற்றோடு கலக்கக் கூடாது என்றார். 1969இல் இறந்த ராபர்ட் லேமனின் சுமார் 2,600 பொருள்களுக்குத் தனிப் பகுதியே கட்டப்பட்டு 1975இல் திறக்கப்பட்டது. அவருடைய வீட்டு அறைகளின் சாயல்கூட உள்ளே உண்டு. 2013இல் 78 கியூபிசப் படைப்புகளைத் தர உறுதியளித்த லெனர்ட் லாடர், காட்சிப்படுத்துவதில் கட்டுப்பாடு விதிக்கவில்லை.

பெயர் சூட்டும் வழக்கம் கடைசியில் அருங்காட்சியகத்தையே சுட்டது. எகிப்தின் டெண்டூர் கோயில் நிற்கும் பகுதி 1978 முதல் சாக்லர் குடும்பத்தின் பெயரில் இருந்தது. ஆக்சிகான்டின் வலிநிவாரணி விற்ற பர்டியூ நிறுவனத்தோடு அக்குடும்பத்துக்கு இருந்த தொடர்பை எதிர்த்து 2018இல் கலைஞர் நான் கோல்டினும் தோழர்களும் கோயிலைச் சுற்றியுள்ள நீரில் மருந்துப் புட்டிகளை வீசினார்கள். 2021 டிசம்பரில் சாக்லர் பெயர் ஏழு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் நவீன கலைப் பகுதிக்காக ஆஸ்கர் டாங், ஆக்னஸ் ஷு-டாங் தம்பதி 12.5 கோடி டாலர் தருவதாக அறிவிப்பு வந்திருந்தது. அந்தப் பகுதிக்கு அவர்கள் பெயர் குறைந்தது 50 ஆண்டுகள் இருக்கும்.