துறை என்னும் உடன்பாடு: நயினாதீவுக் கல்வெட்டும் மின்னேற்றக் கம்பியும்

நயினாதீவிற் கிடைத்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஈழத்து வணிக வரலாற்றை ஆராய்வோர் அடிக்கடி எடுத்தாளும் சான்றாகும். பொலனறுவையிலிருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் பதிப்பித்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தாற் சரிபாதியாகப் பகிரப்படும் என்பன அதன் சாரம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. கடலின் ஆழமும் காற்றின் ஒதுக்கும் மட்டும் ஊராத்துறையைத் துறையாக்கவில்லை. முன்பின் அறியாத இருவர் அங்கே சந்திக்கும்போது யார் எதைக் கொடுப்பது, எதைக் கொள்வது, கேடு நேரின் இழப்பை எவ்வாறு பகிர்வது என்பன முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தன. கணினிக் கலைச்சொல்லாக்கத்திலும் கம்பி செருகும் வாயைத் 'துறை' என்றே வழங்குகின்றோம். மொழிபெயர்ப்பின் வழி வந்த சொல்லாயினும் பொருத்தமான சொல்லே. இன்று கைத்தொலைபேசி முதல் மடிகணினி வரை பொதுவாகிவிட்ட யூ.எஸ்.பி.-சி என்னும் இணைப்பியும் வடிவத்தால் அன்றி உடன்பாட்டாலேயே துறையாகின்றது. அவ்வுடன்பாடு பிழைக்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதும் ஆராயத்தக்கது.

பழைய செருகிகளின் இயல்பு வேறு. பிரித்தானியர் ஆட்சிக்காலத்து மரபாக இலங்கைக்கு வந்த உருளைமுனைச் செருகிகளில் 5 அம்பியருக்கு உரியது சிறியது. 15 அம்பியருக்கு உரியது பெரியது. பெரிய செருகி சிறிய குதையினுள் நுழையாது. விதி வடிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது; எழுத்தறியாதவனின் கையும் அதனை வாசித்தது. பிரித்தானியா 1947 இல் உருகியை உள்ளடக்கிய 13 அம்பியர்ச் சதுரமுனைச் செருகியை வகுத்தபின் அதுவும் இங்கு வந்தது, பழையனவும் போகவில்லை. ஒரே வீட்டில் மூவகைக் குதைகள் இருந்தமையால் இடைமாற்றிகள் பெருகின. இறுதியில் இலங்கை சதுரமுனைச் செருகியையே தேசியத் தரமாக ஏற்று, 2017 இல் ஏனையவற்றின் உற்பத்தியையும் இறக்குமதியையும், 2018 இல் அவற்றின் விற்பனையையும் தடைசெய்தது.

இதற்கிடையே செருகியும் குதையும் பயனற்றுப்போன ஒரு காலமும் எமக்கு வாய்த்தது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. உலர்மின்கலங்களும் தடைப்பொருள்களாயின. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் குடாநாட்டாரும் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னால் வானொலி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம்; வானொலி வேண்டுவது நேரோட்டம். எனவே இடையில் ஓர் இருவாயி வேண்டும். வேகமாகச் சுழற்றினால் வோல்ற்றளவு ஏறும். முனை மாறினால் வானொலி பழுதாகும். இணைப்பு வெறும் இரண்டு கம்பிகளே. உடன்பாடு முழுவதும் சுழற்றுபவனின் கையிலும் காதிலும் இருந்தது. நம்மவரின் கைவண்ணம் என இதனைப் புகழ்வோர் பலர். அக்கைவண்ணம் இல்லாத வீட்டார் செய்தி கேட்க அயலாரை நாடவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

யூ.எஸ்.பி. முதன்முதலில் 1996 இல் வெளிவந்தது. இன்ரெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கிய குழுவில் இந்தியாவிற் பிறந்த அஜய் பட் முதன்மையானவர். அச்சுப்பொறிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று என இருந்த பல துறைகளை ஒன்றாக்குவதே நோக்கம். தரவுக்கு இரு கம்பிகளும் மின்னுக்கு இரு கம்பிகளும் ஒரே உறையுள் அமைந்தன. மின் 5 வோல்ற்று, அரை அம்பியர் என்னும் சிறிய அளவே. சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் அது போதுமானதாயிற்று. கைத்தொலைபேசிகள் பெருகியபோது மின்னேற்றமே முதன்மைப் பயனாகிவிட்டது. ஐரோப்பாவில் 2009 இல் உற்பத்தியாளர்கள் பொது மின்னேற்றிக்குத் தாமாகவே உடன்பட்டனர். அது முழுமை பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இற் சட்டம் இயற்றி, கைத்தொலைபேசிகளுக்கு 2024 திசெம்பர் 28 எனவும் மடிகணினிகளுக்கு 2026 ஏப்பிரல் 28 எனவும் நாள் குறித்தது. அப்பிள் நிறுவனமும் 2023 இல் தன் தனி இணைப்பியைக் கைவிட்டு யூ.எஸ்.பி.-சிக்கு மாறியது.

2014 இல் வகுக்கப்பட்ட இவ்விணைப்பியில் 24 தொடுகைகள் உள்ளன. எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்தும். தரவுக்கெனச் சில, மின்னுக்கெனச் சில. இவற்றைவிட இணக்கம் பேசுதற்கென்றே ஒரு தடம் உண்டு. செருகிய கணத்தில் மின்னேற்றி மின்னை வழங்குவதில்லை. மறுமுனையில் 5.1 கிலோஓம் தடையி உண்டா என நோக்குகின்றது. உண்டெனின் 5 வோல்ற்றை மட்டும் தருகின்றது. பின்னர் அத்தடத்தின் வழியே 5, 9, 15, 20 வோல்ற்று என்றவாறு தன்னால் இயன்றவற்றை அறிவிக்கின்றது. கருவி தனக்கு வேண்டியதைக் கேட்கின்றது. மின்னேற்றி ஒப்புக்கொண்ட பின்னரே வோல்ற்றளவு உயர்கின்றது. 3 அம்பியருக்கு மேல் ஓட்டம் வேண்டுமெனின் கம்பியினுள் ஒரு சிறு சில்லு இருந்து, தனக்கு அத்தகுதி உண்டெனச் சான்று கூறவேண்டும். 100 வாற்றாக இருந்த உச்சவலு 2021 இல் 240 வாற்றாக உயர்த்தப்பட்டது. வருகை, அறிவிப்பு, இசைவு, பின்பே கொடுக்கல்வாங்கல் என்னும் ஒழுங்கு ஊராத்துறை வணிகருக்குப் புதிதாகத் தோன்றியிராது.

ஆயின் வடிவம் ஒன்றானமையால் வந்த மயக்கமும் உண்டு. ஒரே தோற்றமுடைய இரு கம்பிகளுள் ஒன்று நொடிக்கு 40 கிகாபிற்றுத் தரவைக் கடத்தும். மற்றொன்று மின்னை மட்டுமே கடத்தும். விலைகுறைந்த மின்விளக்குகள் சிலவற்றில் அந்த 5.1 கிலோஓம் தடையியை வைப்பதில்லை. அவை பழைய அகன்ற வாயுடைய மின்னேற்றியில் மின்னேறும். புதிய மின்னேற்றியிற் செருகினால் எதுவும் நிகழாது. மின்னேற்றி பிழை செய்யவில்லை. வந்தவன் தன்னை அறிவிக்கவில்லை. இதனினும் கொடியது பொய்ச் சான்று. கூகிள் நிறுவனப் பொறியியலாளர் பென்சன் லியுங் 2015 முதல் சந்தையிலுள்ள கம்பிகளைச் சோதித்தார். 56 கிலோஓம் இருக்கவேண்டிய இடத்திற் பலவற்றில் 10 கிலோஓம் இருந்தது. பழைய துறை தாங்கமாட்டாத 3 அம்பியரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் எனக் கருவிக்கு அது சொன்னது. 2016 இல் முற்றிலும் பிழையாக இணைக்கப்பட்ட கம்பியொன்று அவருடைய கணினியையே பழுதாக்கிற்று.

கொழும்பில் இது சிறு தொல்லை. கம்பி பழுதானால் அடுத்த கடையில் வாங்கலாம். நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லவேண்டும். விளக்கு, தொலைபேசி, மாணவனின் கணினி ஆகிய மூன்றுக்கும் ஒரே கம்பி உதவுமெனின் அது வசதி மட்டுமன்று; ஒரு நாட் பயணத்தின் மிச்சம். அதே கம்பி பொய்யாயின் மூன்றும் ஒருங்கே பழுதாகலாம். மேலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்போடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். அங்கு சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை ஒன்றிணைக்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சு 1 இல் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இத்தகைய இணைப்பிலும் ஒவ்வொரு மூலமும் வோல்ற்றளவிலும் அதிர்வெண்ணிலும் முன்கூட்டியே இசைந்த பின்னரே ஒரே கம்பியிற் சேரமுடியும்.

பராக்கிரமபாகுவின் சாசனம் தன் விதிகள் கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டன எனக் கூறுகின்றது. துறைக்கு வருவோர் காணத்தக்கதாகக் கல் நின்றது. யூ.எஸ்.பி.-சியின் விதியோ கம்பியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத சில்லிலும் தடையியிலும் இருக்கின்றது. தரம் வகுக்கும் அமைப்பு 2021 இல் 60 வாற்று, 240 வாற்று என்னும் இலக்கங்களைக் கம்பியின் மேல் பொறிப்பதற்குரிய அடையாளங்களை வெளியிட்டது. நம் கடைகளில் விற்கும் மலிவான கம்பிகள் பலவற்றில் அவ்விலக்கத்தை இன்னும் காணமுடிவதில்லை.