வர்தாவும் ஒரு கணக்கு நோட்டும்

இன்னைக்கு நாம பேசப்போற தேதி 2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையில கரையைக் கடந்த நாள்.

நான் அப்போ கொரட்டூர்ல காலேஜ் பையன். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து. புயலோட கண் பகுதி வந்தப்ப கொஞ்ச நேரம் அடங்குச்சு. ஆனா கண்ணுக்கு அந்தப் பக்கம் காத்து எதிர்த் திசையில வீசும். ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த மரங்களை அது சாய்ச்சுது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்துச்சு.

மரங்களைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. நான் பேச வந்தது பணத்தைப் பத்தி. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு நவம்பர் 8 அன்னைக்கு அறிவிச்சாங்க. புயல் வந்தது சரியா 34 நாள் கழிச்சு. எல்லாரையும் கார்டுக்கும் மொபைலுக்கும் மாறச் சொன்ன நேரம் அது. அப்பதான் கரன்ட் போச்சு, சிக்னல் போச்சு. ஏடிஎம், ஸ்வைப் மெஷின் ரெண்டும் படுத்துருச்சு. அக்கவுன்ட்ல பணம் இருக்கு. பால் வாங்க முடியல.

எங்க தெருவுல ஓடுன ஒரே சிஸ்டம், அண்ணாச்சி கடை கணக்கு நோட்டு. பேர், தேதி, தொகை, அவ்வளவுதான். இவங்க நாளைக்கும் இங்கதான் இருப்பாங்கங்கிற நம்பிக்கையில ஓடுன சிஸ்டம். அதனாலயே, புதுசா குடிவந்த பேச்சிலர் பசங்களுக்கு அந்த நோட்டுல பக்கம் கிடையாது.

ஆபீஸ்ல ஒவ்வொரு சர்வருக்கும் பேக்கப் வைக்கிறோம். தெருவுல இப்ப டீக்குக்கூட க்யூஆர் கோடுதான். அடுத்த புயல்ல சிக்னல் போனா, உங்க தெருக் கடைக்காரருக்கு உங்க பேர் தெரியுமா?