உடம்புப்பிடி தொழிலாளர்களுக்கு எடைப்பயிற்சி ஏன்? என்ன சாப்பிடலாம்?

ஜார்ஜ்டவுன்: பினாங்கில் உடம்புப்பிடி பலருக்குச் சோறு போடும் தொழில், பார்வையற்றோர் சிலருக்கும் இதுவே பிழைப்பு. கட்டைவிரலோ மணிக்கட்டோ இடுப்போ பிடித்துக்கொண்டால், அன்றைய வருமானமும் போய்விடும்.

என்ன பயிற்சி?
வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப்பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விரல்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அதனால் கால், முதுகு, தோளைப் பலப்படுத்துங்க. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுத்தல் ஆகியவற்றில் தொடங்கலாம். காலில் பலமிருந்தால் உடல் எடையைச் சாய்த்தே அழுத்தலாம், விரல் தப்பிக்கும்.

என்ன சாப்பாடு?
ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் போதாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, தெம்பே, கெம்போங் மீனும் சேர்த்துக்கோங்க.

விரல் மரத்துப்போனால் தள்ளிப்போடாதீங்க; அரசாங்க கிளினிக்கில் காட்டுங்க.