யாழுக்கு ஒரு பலகை

சித்திரைத் திருவிழாவில் கொட்டாங்கச்சி வயலின் வாங்கி ஏமாறாத மதுரைப் பையன் உண்டா? நான் ஏமாந்திருக்கிறேன். தமுக்கம் பக்கம் ஒருத்தர் பத்துப் பதினைந்து வயலினைத் தோளில் தொங்கவிட்டபடி, சினிமாப் பாட்டை அப்படியே இழைத்துக்கொண்டு போவார். பாதித் தேங்காய் ஓடு, அதன் வாயை மூடிய காகிதம், மூங்கில் குச்சி, கம்பி... அவ்வளவுதான் சரக்கு. வீட்டுக்கு வந்து நாம் இழுத்தால் பூனை வாலை மிதித்த சத்தம்! ‘‘நல்லதை அவன் வச்சுக்கிட்டு, ஓட்டையை உன் தலையில கட்டிட்டான்டா’’ என்றார் அப்பா. அது தப்பான தீர்ப்பு. எல்லாம் ஒரே சரக்குதான். செய்தவர், வாசித்தவர், விற்றவர் மூன்று பேரும் அந்த ஒரே ஆள். வித்தை அவர் கையில் இருந்தது.

சங்க இலக்கியத்திலும் இப்படி ஒரு ஆள் இருக்கிறான். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன். தீக்கடைகோல் நெருப்பால் துளை போட்டுத் தானே செய்த குழலை ஊதுகிறான். அது சலித்துப்போனதும், உள்ளே துளையுள்ள குமிழ மரக் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி மீட்டுகிறான். வண்டுகள் ‘நம்ம சொந்தக்காரன் குரல் மாதிரி இருக்கே’ என்று காது கொடுக்கின்றனவாம். காட்டில் கிடைத்ததை வைத்துச் செய்த இந்த வில்யாழ், கொட்டாங்கச்சி வயலினுக்கு அண்ணன் முறை.

பாணர்கள் கையில் இருந்தது இதைவிட நாகரிகமான கருவி. பொருநராற்றுப்படை அதைத் தலை முதல் கால் வரை வர்ணிக்கிறது. மான் குளம்பின் சுவடு போல நடுவில் பிளந்து உயர்ந்த பத்தர். அதன் மேல், கர்ப்பிணியின் வயிற்றைப் போல மெல்லிய தோல். நண்டின் கண் போல ஆணிகள். படமெடுத்த பாம்பு போலத் தண்டு. பெண்ணின் முன்கை வளையல் போல, தண்டைச் சுற்றிக் கட்டிய வார்கள். இவ்வளவும் சொன்ன புலவர் ஒன்றே ஒன்றைச் சொல்லவில்லை. எத்தனை சாண் நீளம்? தோல் எத்தனை கனம்? அவர் மேல் குற்றமில்லை. அளவு தச்சனுக்குத் தெரியும், புலவருக்கு எதற்கு?

யாழ் எவ்வளவு செல்லம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய கருவி என்பதற்குச் சாட்சி நம்ம மதுரைக் கோயிலிலேயே இருக்கிறது. சம்பந்தர் காலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க்கு வந்து வாசலில் நின்று பாடினார். இறைவன் கனவில் சொன்னபடி தொண்டர்கள் அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். அங்கே அவர் பாடும்போது வானில் ஒரு குரல்: தரை ஈரம் பட்டால் யாழின் கட்டு தளர்ந்துவிடும், பலகை போடுங்கள்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதை. பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் விஷயம் சரிதான். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்யும். தண்டின் நுனியைத் தாங்க மேற்கத்திய ஹார்ப்பில் இருப்பதுபோல முன்தூண் கிடையாது. நரம்பு இழுக்க இழுக்கத் தண்டு வளையும், சுருதி இறங்கும்.

ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம் என்பது இன்னொரு தொல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு என்பார்கள். வீணையிலோ ஒரே தந்தியை இடம் மாற்றி அழுத்தினால் ஸ்வரங்கள் வரும், இழுத்தால் கமகமும் வரும். பாணர்களுக்குப் படியளந்த அரசர்களும் போனார்கள், பாணர் குலமும் சமூகத்தின் கீழ்ப்படிக்குத் தள்ளப்பட்டது. யாழ் போனதற்கு வீணையை மட்டும் காரணம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வாசிப்பவன் வாசலில் நிற்கும் ஊரில், யாழ் செய்பவனுக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

பிறகு ஒருவர் புத்தகத்திலிருந்து யாழை மீட்கக் கிளம்பினார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். 1916ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர், லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் உண்டு. சிலப்பதிகாரத்தை ஒரு கையிலும் கணிதத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பல வருஷம் உழைத்தார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், யாழின் உறவுக்காரர்கள் வெளியூரில் பிழைத்துக்கொண்டார்கள். பர்மாவின் ‘சௌங்’ இன்றும் மேடையில் இருக்கிறது. மான் தோல், வளைந்த தண்டு, அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறுகள்... அந்த ‘வளையல்’களைத் திருகித்தான் பழைய முறையில் சுருதி சேர்ப்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்களின் பாணர்களான பர்தான்கள் வாசித்த ‘பின் பாஜா’ இன்னொரு தம்பி. ஐந்தே நரம்பு.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இறங்கியிருக்கிறார். மதுரையைச் சேர்ந்த தருண் சேகர், கட்டடக்கலை படித்தவர். சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்கிறார். அவர் செய்த யாழ் ஒலிக்கும் ‘அழகி’ என்ற பாட்டு 2021ல் வெளியானது. சொந்தமாகப் பட்டறை வைத்து இப்படிப்பட்ட கருவியைச் செய்வது எவ்வளவு ரிஸ்க் என்பது பி.காம். படித்த எனக்குப் புரிகிறது. விலை சொன்னால் விரலால் எண்ணக்கூடிய கஸ்டமர்தான் வருவார்கள்.

கொஞ்ச நாள் முன்பு திருவிழாக் கூட்டத்தில் ஒரு கொட்டாங்கச்சி வயலின்காரரைப் பிடித்தேன். ‘‘ஓட்டை எப்படிண்ணே தேர்ந்தெடுக்கிறீங்க?’’

‘‘தட்டிப் பாப்பேன் சார்.’’

‘‘அளவு எதுவும்..?’’

சிரித்தார். ஒரு ஓட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். முதலாவதைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டாவதைத் தூக்கி எறிந்தார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.