ஒற்றைக் காலில் நான்கு தாவல்: பாலர் பள்ளிப் பிள்ளையின் உடலியக்கத்தை அளப்பது எப்படி?

உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது. அ, ஆ எழுதுகிறான், நூறு வரை எண்ணுகிறான். சரி, ஒற்றைக் காலில் விடாமல் நாலு முறை தாவுவானா?

பாலர் பள்ளியில் சேர்க்கும்போது இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 'உடலியக்க எழுத்தறிவு' என்ற கருத்தை 1990களில் வளர்த்தெடுத்தவர் பிரிட்டனின் மார்கரெட் வைட்ஹெட். உடல் திறனோடு தன்னம்பிக்கை, ஆர்வம், புரிதல் ஆகியவையும் இதில் அடங்கும். அதாவது, ஓடத் தெரிந்தும் ஓட மறுக்கிற பிள்ளையையும் கவனிக்கணும்.

எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவின் டேல் உல்ரிச் 1985இல் வெளியிட்ட 'டிஜிஎம்டி' சோதனை பரவலாகப் பயன்படுகிறது. 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. இதன் மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள் உண்டு. எவ்வளவு தூரம் தாவினான் என்பது கணக்கில்லை, எப்படித் தாவினான் என்பதே கணக்கு. தூக்கிய கால் ஊசல் போல ஆடுகிறதா, கைகள் மடங்கி முன்னால் வீசுகின்றனவா என்று பார்த்து, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்யச் சொல்வார்கள்.

ஆனால் ஆர்வத்தை இது அளக்காது. கனடாவில் உருவான 'பிரீபிளே' கருவி அந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்கிறது. தினமும் பிள்ளையோடு இருக்கும் ஆசிரியரே பார்த்துக் குறிப்பது அது.

நம் ஊர்ப் பிள்ளைக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. டிஜிஎம்டியின் ஒப்பீட்டு அளவுகள் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து எடுத்தவை. மட்டையையே பிடித்திராத புக்கிட் ரோத்தான் பிள்ளை பந்தடிப்பதில் 0 வாங்கினால், அது பழக்கமின்மை, குறைபாடு அல்ல. கம்போங் குவாந்தான் படகுத்துறையில் ஆடுகிற சம்பானில் தடுமாறாமல் ஏறுகிற பிள்ளைக்கோ அதில் மதிப்பெண்ணே கிடையாது. சமநிலை அந்த 13இல் தனித் திறனாக இல்லை!

லயத்து வாசலில் நொண்டி விளையாடிய காலத்தில் இதெல்லாம் தானாக வந்தது. அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிறகு, இடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 3, 4 வயதில் நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவு ஆட்டம், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

நம் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டத்திலும் உடல் வளர்ச்சிக்கு இடமுண்டு. அங்கே தேர்வு கிடையாது, ஆசிரியர் கவனித்துப் பதிவு செய்வார். பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. “எத்தனை மார்க்?” என்று கேட்காமல், “திடலில் என் பிள்ளை என்ன செய்றான் டீச்சர்?” என்று கேளுங்கள்.

ஐந்து வயது முடியும் தறுவாயிலும் ஒற்றைக் காலில் தாவ வரவில்லை, அல்லது முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால், சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். இரண்டாவது நிலை என்றால் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.